கைப்பிடி மறைந்த கோப்பை: குழந்தைகளுக்குப் பார்த்து வரையக் கற்பித்தல்

1972ஆம் ஆண்டில் நார்மன் ஃப்ரீமன், ஜனிகூன் என்னும் இரு ஆய்வாளர்கள், ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளின் முன் ஒரு கோப்பையை வைத்து அதை வரையச் சொன்னார்கள். கைப்பிடி குழந்தையின் பார்வைக்கு மறைவாகப் பின்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கோப்பையின் மேல் தீட்டியிருந்த பூ கண்ணுக்கு நேரே தெரிந்தது. இளைய குழந்தைகள் பெரும்பாலும் தெரியாத கைப்பிடியை வரைந்துவிட்டு, தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதை எட்டியவர்களிடம் இது தலைகீழாக மாறியது: பூ வந்தது, கைப்பிடி போனது. தொடக்கப்பள்ளியில் பார்த்து வரையக் கற்பிக்கிற எவருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது. ஒவ்வொரு வகுப்பிலும் இதையே நாம் கண்டுகொண்டிருக்கிறோம். கண்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுகிறோம். நான் இங்கே எழுத விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

குழந்தை கண்ணில் படுவதை வரையத் தொடங்குவதற்கு முன், தான் அறிந்து வைத்திருப்பதை வரைகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ழார்ழ்-ஆன்றி லூக்கே 1927லேயே விரிவாக எழுதியிருக்கிறார். மேசைக்கு நான்கு கால்கள் என்று குழந்தைக்குத் தெரியும். ஆகவே அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மூன்றுதான் தெரிகின்றன என்றாலும் நான்கையும் வரைந்துவிடும். குவளையின் வாய் வட்டம் என்பது தெரியும். ஆகவே முழு வட்டம் போடும். அடிப்பாகம் தட்டை என்பதும் தெரியும், தட்டையாக இல்லாவிட்டால் குவளை எப்படி மேசையில் நிற்கும்? ஆகவே அங்கே ஒரு நேர்க்கோடு. சாய்த்துப் பிடித்த பாட்டிலில் தண்ணீரின் மட்டம் எப்படி இருக்கும் என்று உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் கேட்டபோது, குறிப்பிட்ட வயதுக் குழந்தைகள் பாட்டிலின் அடிப்பாகத்துக்கு இணையாகவே மட்டத்தை வரைந்தார்கள் என்பதும் 1948இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் இருக்கிறது. தினமும் பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கிற குழந்தைதான் அப்படி வரைகிறது. கண்ணெதிரே நடப்பதும் கண்டுகொண்டதும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் பிழை என்று சுழித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாத கைப்பிடியை வரைந்த குழந்தை, கோப்பைக்குக் கைப்பிடி இருப்பதுதான் அதைக் கிண்ணத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டிருக்கிறது. படத்தைப் பார்ப்பவருக்கு இது இன்னதென்று விளங்க வேண்டும் என்ற அக்கறையும் அந்தக் கோட்டில் இருக்கிறது. அது அறிவின் வெளிப்பாடு. பார்த்து வரைதல் என்னும் பயிற்சி அந்த அறிவை அகற்றுவதற்காக வந்ததன்று; அதோடு இன்னொரு திறமையையும் சேர்ப்பதற்காக வந்தது. தனக்குத் தெரிந்ததைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இடத்திலிருந்து, இந்தக் கணத்தில், இந்த ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் திறமை அது. ஏழு வயதில் இது கைவருவது சிறிய காரியமில்லை.

"என் பிள்ளைக்கு வரைய வரவில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் கையைக் குறை சொல்கிறார்கள். அதே கைதான் வளைவும் சுழியும் நிறைந்த எழுத்துகளைக் கோட்டுக்குள் அடக்கி எழுதுகிறது. அந்த அளவுக்குப் பழகிய கையால் ஒரு கரண்டியின் வளைவையும் போட முடியும். தடை வேறெங்கோ இருக்கிறது: குழந்தை கரண்டியை ஒரு நொடி பார்த்துவிட்டு, "கரண்டிதானே" என்று முடிவு செய்துகொண்டு, மீதி நேரம் முழுவதும் தாளையே பார்த்து வரைகிறது. ஆகவே ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை, கண்ணைத் திரும்பத் திரும்பப் பொருளின் பக்கம் கொண்டுவருவதுதான். அதற்கு நம்மிடம் உள்ள கருவி கேள்வி ஒன்றே என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வியின் வலிமைக்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. 1983இல் ஆலிசன் டேவிஸ் என்பவர் ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் கைப்பிடி தெரியும், மற்றதன் கைப்பிடி தெரியாது. தனியே ஒரு கோப்பையை வைத்தபோது கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியை வரைந்த வயதுக் குழந்தைகளே, இரண்டையும் சேர்த்து வைத்தபோது வேறுபாட்டைக் கண்டுகொண்டு, இரண்டாவது கோப்பையைக் கைப்பிடி இல்லாமல் வரைந்தார்கள். அந்தக் குழந்தைகளின் கண்ணும் கையும் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி மாறியது, அவ்வளவுதான். "கோப்பையை வரை" என்பது ஒரு கேள்வி. "இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தெரியும்படி வரை" என்பது முற்றிலும் வேறு கேள்வி.

இதை வகுப்பில் கொண்டுவர எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி சாவிகள். பழைய சாவிகள் ஐந்தாறு, ஏறக்குறைய ஒரே அளவில், மேசைமேல் கிடக்கட்டும். ஒவ்வொரு குழந்தையும் ஒன்றைத் தேர்ந்து, எது என்று யாரிடமும் சொல்லாமல், வெள்ளைத் தாளின் மேல் தட்டையாக வைத்து வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் சாவிகள் எல்லாம் மீண்டும் மேசைக்குப் போய்விடும்; படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு குழந்தை அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்றில் அநேகமாக எல்லாப் படங்களிலும் ஒரு வட்டம், ஒரு தண்டு, ரம்பம்போல் வரிசையாகச் சில பற்கள் இருக்கும். எந்தச் சாவியென்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டாவது சுற்றில்தான் வகுப்பு அமைதியாகிறது. எத்தனை பள்ளங்கள், எந்தப் பள்ளம் மற்றதைவிட ஆழம், இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமா, தலையில் உள்ள துளை நடுவில் இருக்கிறதா சற்று மேலே ஏறியிருக்கிறதா என்று குழந்தைகள் தாங்களாகவே கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறார்கள். "அழகாக வரை" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. படம் ஒரு வேலையைச் செய்ய வேண்டும், செய்கிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். அழகைப் பற்றிய அச்சம் விலகிப்போவதால், வழக்கமாகத் தாளைக் கையால் மறைத்துக்கொள்ளும் குழந்தைகள்கூட இந்த விளையாட்டில் படத்தை முன்னே நீட்டுவார்கள்.

சாவியில் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தட்டையானது. சீப்பு, இலை, தட்டையாகக் கிடக்கும் கரண்டி போன்றவற்றில் ஆழம் என்னும் சிக்கல் மிகக் குறைவு. உருவத்தை மட்டும் கவனித்தால் போதும். கனமும் கோணமும் உள்ள பொருள்களுக்கு அதன்பின் போகலாம். முதல் வகுப்பிலேயே புத்தகத்தையோ பெட்டியையோ வைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும் அந்தப் பொருள்கள்தாம், ஓரங்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவதால், வரைவதற்கு மிகக் கடினமானவை. பந்தும் உதவாது, ஒரு வட்டம் போட்டதும் பார்க்க வேண்டியது தீர்ந்துவிடுகிறது. முகம் உள்ள பொம்மைகளையும் தவிர்க்கிறேன். முகத்தைக் கண்டதும் குழந்தை தனக்குப் பழகிய இரண்டு புள்ளியும் ஒரு வளைவும் போட்டுவிட்டுப் பொருளை மறந்துவிடும். காலில் போட்டுப் பழகிய, நாடா உள்ள காலணி அருமையான பொருள். தேய்ந்த குதிகால், ஒரு பக்கம் சாய்ந்த வாய், நாடா எந்தத் துளையில் மேலிருந்து நுழைகிறது, எதில் அடியிலிருந்து வருகிறது என்று பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருக்கும். புதிய காலணியில் இவ்வளவு இல்லை.

கத்தரிக்கோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, விரித்து வைத்த கத்தரிக்கோலை வரைந்திருந்தாள். இடப்பக்க அலகும் இடப்பக்க வளையமும் ஒரே பக்கத்தில் வளைந்து சேர்ந்திருந்தன, வலப்பக்கமும் அப்படியே. நடுவில் ஒரு புள்ளி. படம் கத்தரிக்கோல் போலத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கத்தரிக்கோலால் எதையும் வெட்ட முடியாது. நான் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இந்த அலகின் நுனிக்குப் பக்கத்தில், கூர் இல்லாத வெளி ஓரத்தில் விரலை வை, விரலை எடுக்காமல் கீழே கொண்டு போ, எந்த வளையத்தில் போய் முடிகிறது என்று சொல்" என்றேன். விரல் நடுவில் உள்ள திருகாணியைக் கடந்து எதிர்ப்பக்க வளையத்தில் போய் நின்றது. அவள் நம்பவில்லை, மறுபடியும் செய்தாள். பிறகு மற்ற அலகிலும் செய்தாள். "டீச்சர், இது குறுக்கே போகுது!" என்றாள். அதன்பின் என்னைப் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பி, முதலில் திருகாணியை ஒரு சிறு வட்டமாகப் போட்டு, அதன் வழியே இரண்டு நீண்ட கோடுகளைக் குறுக்காகச் செலுத்தி, அந்தக் கோடுகளின் மேல் அலகையும் வளையத்தையும் கட்டினாள். ஒரு வளையம் சிறியது, கட்டைவிரலுக்கு. மற்றது நீளமானது, மற்ற விரல்களுக்கு என்பதை அடுத்ததாக அவளே கண்டுபிடித்தாள். கத்தரிக்கோல் எப்படி வெட்டுகிறது என்பதையும் அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன். வளையங்களை நெருக்கினால் அலகுகள் ஏன் நெருங்குகின்றன என்பதை அந்தக் குறுக்குக் கோடுகளே சொல்லிவிடுகின்றனவே.

பென்சில் கண்ணுக்குத் துணை செய்கிறது என்பதை அறிவியல் கற்பித்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இயற்கை அறிவியலாளர் லூயி அகாசிஸ் தன்னிடம் படிக்க வந்த சாமுவேல் ஸ்கடரிடம் ஒரு மீனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்துச் சலித்துப்போன ஸ்கடர், வேறு வழியில்லாமல் மீனை வரையத் தொடங்கியபோதுதான் அதுவரை காணாத அம்சங்கள் தெரிய ஆரம்பித்தன என்று 1874இல் எழுதினார். திரும்பி வந்த ஆசிரியர், பென்சிலும் சிறந்த கண்களில் ஒன்று என்று பாராட்டினாராம். நரம்பணுக்களின் அமைப்பை ஆராய்ந்து 1906இல் நோபல் பரிசு பெற்ற சாந்தியாகோ ராமோன் இ கஹால், நுண்ணோக்கியில் கண்டவற்றைத் தன் கையாலேயே வரைந்தவர். பார்த்து வரைதலை ஓவிய வகுப்புக்குள் மட்டும் அடைத்துவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று இவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இனி குவளை. முழு வட்ட வாயும் நேர்க்கோட்டு அடியும் கொண்ட குவளையை எல்லாக் குழந்தைகளும் வரைவார்கள். "வாயை நீள்வட்டமாகப் போடு" என்று சொல்லிவிட்டால் அவர்கள் போடவும் செய்வார்கள். அப்படிச் சொல்வதால் ஒரு சூத்திரத்தின் இடத்தில் இன்னொரு சூத்திரம் வந்து உட்காருகிறதே தவிர, யாரும் குவளையைப் பார்ப்பதில்லை. நான் செய்வது இது: குழந்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குவளையைத் தன் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்க வேண்டும். வாய் ஒரு கோடாகத் தெரியும். பிறகு மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். கோடு திறந்து, மெலிந்த பிளவாகி, அகன்றுகொண்டே வந்து, குவளை மடிக்கு வரும்போது ஏறக்குறைய வட்டமாகிவிடும். இதை முதல் முறை காணும் குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருப்பேன். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தால், வாய், தண்ணீர் மட்டம், அடி ஆகிய மூன்று வளைவுகளும் ஒருசேரத் தெரியும். கண் மட்டத்திலிருந்து எது அதிகம் இறங்கியிருக்கிறதோ அது அதிகம் திறந்திருக்கும், ஆகவே அடியின் வளைவுதான் மூன்றிலும் அகலமாகத் திறந்தது. தட்டையான அடியை நேர்க்கோடாகப் போட்ட குழந்தை, அதே அடி மற்ற இரண்டையும்விட அதிகம் வளைந்து தெரிவதைத் தன் கண்ணாலேயே காணும்போது, எந்த விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

இதற்கெல்லாம் குழந்தை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பொருளும் நகரக் கூடாது. இருபது பேருக்கு நடுவே ஒரு பொருளை வைப்பதைவிட இரண்டிரண்டு பேருக்கு ஒரு பொருள் இருப்பது நல்லது. எதிரெதிரே உட்காரும் இருவருடைய படங்களும் வெவ்வேறாக அமையும், "அவன் படத்தில் கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது, உன் படத்தில் ஏன் இடப்பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள், இருவரும் இடம் மாறி உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். தாளும் பென்சிலும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2பி பென்சில், பொருளின் அசல் அளவுக்கு இடம் தரும் தாள், அவ்வளவு போதும். மிகக் கடினமான பென்சிலைக் கொடுத்தால் குழந்தை அழுத்தி அழுத்தித் தாளைக் கிழிக்கும்.

ரப்பரை நான் வகுப்பின் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஏன் என்பதையும் குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறேன். அழித்துக்கொண்டிருக்கும் குழந்தை பொருளைப் பார்ப்பதே இல்லை. கோடு தவறிப்போனால் அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போடலாம். பழைய கோடு எவ்வளவு தள்ளிப் போயிருந்தது என்பதை அளந்து பார்க்க அதுவே பயன்படும். சில குழந்தைகள் இதனால் உண்மையாகவே துன்பப்படுவார்கள், தாள் அசுத்தமாகிவிட்டதென்று கண் கலங்குவார்கள். அவர்களுக்கு இன்னொரு தாள் கொடுப்பேன், ரப்பர் கொடுப்பதில்லை.

ரப்பரைவிடக் கேடு செய்வது ஆசிரியரின் கை. குழந்தையின் தாளில் "இப்படிப் போடு" என்று ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டால், அந்தக் கணத்தில் அந்தப் படம் அதன் படமாக இருப்பது நின்றுவிடுகிறது. கரும்பலகையில் வரைந்து காட்டுவதும் அப்படியே: முப்பது குழந்தைகளும் பலகையைப் பார்த்து வரைவார்கள், எதிரே இருக்கும் பொருள் அனாதையாகக் கிடக்கும். வரைந்துதான் காட்ட வேண்டுமென்றால் வேறொரு பொருளை வரைந்து காட்டிவிட்டு அழித்துவிடலாம். எப்படிப் பார்க்கிறோம், எத்தனை முறை நிமிர்ந்து பார்க்கிறோம் என்பதைக் குழந்தைகள் கவனித்தால் போதும்.

தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி ஒன்று உண்டு. பொருளின் ஓரத்தில் கண் ஊர்ந்து செல்ல, அதே வேகத்தில் பென்சிலும் தாளில் ஊர வேண்டும். கண் நின்றால் கையும் நிற்க வேண்டும். ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலைடிஸின் கற்பிப்பு முறையில் இந்த வகை வெளிக்கோட்டுப் பயிற்சிக்குப் பெரிய இடம் உண்டு; 1941இல் அந்த முறை நூலாக வெளிவந்தது முதல் ஓவியப் பள்ளிகளில் அது பரவலாக இருக்கிறது. பெரியவர்கள் இதை நெடுநேரம் செய்வார்கள். சிறுவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஓர் அட்டையின் நடுவே துளையிட்டுப் பென்சிலை அதில் செருகிவிட்டால், அட்டை கையை மறைத்துக்கொள்ளும், எட்டிப்பார்க்கும் ஆசையும் அடங்கிவிடும். படம் கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் அந்தக் கோணலுக்குள், வழக்கமான படத்தில் ஒருபோதும் வராத ஒரு திருப்பமோ பள்ளமோ துல்லியமாக வந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டுவதே ஆசிரியரின் வேலை.

ஒன்பது வயதை ஒட்டி ஒரு மாற்றம் வருகிறது. குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை 1947இல் விரித்து எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஒன்பது வயதில் தொடங்கும் காலத்தை மெய்ம்மையை நாடத் தொடங்கும் பருவமாகக் குறித்தார். அதுவரை கூச்சமின்றி வரைந்த குழந்தை தன் படத்தையும் பொருளையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுகொள்கிறது. "எனக்கு வரைய வராது" என்ற சொல் பிறப்பது அப்போதுதான். அந்தக் குழந்தைக்கு ஆறுதல் சொல்லிப் பயனில்லை, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றால் அது நம்பாது; அதன் கண் உண்மையைத்தான் சொல்கிறது. எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை அந்த நேரத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும். கைப்பிடிக்கும் கோப்பைக்கும் நடுவே உள்ள வெற்றிடம் என்ன வடிவம்? உயரம் அதிகமா, அகலம் அதிகமா? நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து அளந்து பார். இப்படிப்பட்ட சிறு கருவிகள் கிடைக்காமல் போனதால்தான் எத்தனையோ பேர் அந்த வயதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

படத்தைப் பற்றிப் பேசும் முறையையும் குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் முதல் வகுப்பு மாணவன் ஒருவன் பட்டாம்பூச்சி ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த ஆறு படங்களைக் கல்வியாளர் ரான் பெர்கர் பல இடங்களில் காட்டி வந்திருக்கிறார். முதல் படம் அந்த வயதுக் குழந்தை யாரும் போடக்கூடிய பொதுவான பட்டாம்பூச்சி. ஆறாவது, அந்த இனத்தின் இறக்கை அமைப்பும் கோடுகளும் தெரியும்படியான படம். நடுவே நடந்தது சக மாணவர்களின் பேச்சு: முதலில் இறக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள், வடிவம் சரியான பிறகே உள்ளே இருக்கும் கோலத்தைப் பற்றி. இந்த வரிசைதான் எனக்குப் பெரிய பாடம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தச் சொன்னால் குழந்தை எதையும் திருத்தாது. "நன்று", "சரியில்லை" என்ற இரண்டு சொற்களையும் என் வகுப்பில் விலக்கி வைத்திருக்கிறோம். "மேல் இறக்கை இன்னும் நீளம்", "இந்த மூலை கூராக இருக்கிறது" என்பதுபோல் பொருளில் சுட்டிக்காட்டக்கூடியதைத்தான் சொல்லலாம்.

நான் படங்களுக்கு மதிப்பெண் போடுவதில்லை. தாளின் பின்பக்கத்தில் தேதியையும், வரையும்போது புதிதாகக் கண்ட ஒன்றையும் குழந்தையே எழுத வேண்டும்: "திருகாணித் தலையில் ஒரு பள்ளம் இருக்கிறது", "நாடாவின் ஒரு முனை பிரிந்திருக்கிறது". சில மாதங்கள் கழித்து அதே பொருளை அதே குழந்தையிடம் மறுபடியும் கொடுத்து, பழைய படத்தைக் காட்டாமல் வரையச் சொல்வேன். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலும் குழந்தைகள் சொல்வது கோட்டின் நேர்த்தியைப் பற்றி இருக்காது, முன்பு காணாமல் விட்ட உறுப்புகளைப் பற்றித்தான் இருக்கும். பொருளை இந்த முறை வேறு பக்கமாகத் திருப்பி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், எந்தப் பக்கம் என்று அவர்களே திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பொருளை அவர்கள் கையிலேயே விட்டுவிடுகிறேன்.